பூட்டிவிட்டேன் என்று சொல்லும் டிஸ்க்

திண்டுக்கல்லில் இரவு கடை சாத்துகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். ஷட்டரை இறக்குவார்கள், பூட்டைப் போடுவார்கள், சாவியைத் திருப்புவார்கள், 'டக்'கென்று சத்தம் கேட்கும். அதோடு கிளம்பிவிட மாட்டார்கள். பூட்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ப் பூட்டுக்கே இந்தச் சோதனை. அதே கடையின் கல்லா மேசைக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. நாள் முழுக்க அதன் டிஸ்க் 'எழுதிவிட்டேன், எழுதிவிட்டேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதை மட்டும் யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. பில் போட நேரமாகிறது என்று புகார் வரும்போது, ஏதோ ஒரு யூடியூப் வீடியோவைப் பார்த்து ஒரு டிக் மார்க்கை மாற்றுகிறார்கள். வேகம் கூடிவிடுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். என் கட்சி இதுதான்: டேட்டாபேஸ் வேகத்துக்காக டிஸ்க் அமைப்புகளில் கைவைக்கும்போது, 'எழுதிவிட்டேன்' என்ற சொல் உண்மையாக இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் ஊர் மாதிரி மின்சாரம் வந்துபோகும் இடத்தில் அது இன்னும் அவசியம். அந்தச் சொல்லைப் பொய்யாக்கி வாங்கும் வேகம் கடனுக்கு வாங்கிய வேகம்.

டேட்டாபேஸ் உள்ளே என்ன நடக்கிறது என்பது பழைய கணக்குப்பிள்ளைகளுக்குச் சொன்னால் உடனே புரியும். மண்டியில் வியாபாரம் நடக்கிற வேகத்தில் யாரும் நேரே பேரேட்டில் எழுத மாட்டார்கள். வந்தது, போனது, பற்று, வரவு எல்லாம் முதலில் சிட்டையில் வரிசையாக ஏறும். சாயங்காலம் உட்கார்ந்து அவரவர் பக்கத்தில் பேரேட்டில் பதிவார்கள். போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் எல்லாமே இதைத்தான் செய்கின்றன. ஒரு பில் முடிந்ததும் அதை முதலில் 'லாக்' என்ற சிட்டையின் கடைசி வரியாக எழுதி, டிஸ்க்கிடம் 'இதை உள்ளே இறக்கிவிடு, இறக்கியபின் சொல்' என்று கேட்கின்றன. டிஸ்க் 'இறக்கிவிட்டேன்' என்றதும்தான் உங்கள் திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வரும். பேரேட்டுப் பதிவு அப்புறம் சாவகாசமாக நடக்கும். நடுவில் கரண்ட் போனால், சிட்டையைப் பார்த்து பேரேட்டைச் சரிசெய்துகொள்ளலாம். ஆக, மொத்தக் கட்டடமும் நிற்பது அந்த ஒற்றைப் பதிலின் மேல். வேகம் மாட்டிக்கொள்ளும் இடமும் அதுவேதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் சாதாரண ஹார்டு டிஸ்க் ஒரு நொடிக்கு 120 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். சிட்டையின் அடுத்த வரி எழுதப்பட வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே திரும்பி வர ஒரு சுற்று ஆகும் என்பதால், ஒன்றன்பின் ஒன்றாக, உண்மையாக எழுதினால் நொடிக்கு ஏறக்குறைய 120 முறைதான் 'இறக்கிவிட்டேன்' சொல்ல முடியும். இது உலோகத் தட்டின் எல்லை. எந்த அமைப்பை மாற்றியும் இதைத் தாண்ட முடியாது. இப்போது 20 சாமான் உள்ள ஒரு பில். எழுதத் தெரியாதவர் எழுதிய சாஃப்ட்வேர் என்றால், சாமானுக்கு ஒரு வரி, இருப்பைக் குறைக்க ஒரு வரி, வரிக்கணக்குக்கு ஒரு வரி, இப்படி 60 வரியையும் தனித்தனியாக முடித்து முடித்துச் சேமிக்கும். 60 முறை 8.3 மில்லி செகண்ட் என்றால் அரை நொடி. நடுவில் ஊசி பேரேட்டுப் பக்கத்துக்கும் ஓடி வர வேண்டும் என்பதால் உண்மையில் ஒன்றிரண்டு நொடியே ஆகலாம். தீபாவளி நேரத்தில் நாலு கவுண்டர், வாசல் வரை வரிசை என்றால் அந்த நொடிகள் கூடிப் பெருகும். அதே 60 வரியையும் ஒரே பரிவர்த்தனையாகக் கட்டி ஒரே முறை சேமித்தால், ஒரு சுற்று, 8.3 மில்லி செகண்டில் வேலை முடிந்தது. டிஸ்க்கைத் தொடாமல் அறுபது மடங்கு. அமைப்புகளைப் பற்றிப் பேச வந்தவன் முதலில் இதைச் சொல்லக் காரணம், பெரும்பாலான 'டிஸ்க் மெதுவாக இருக்கிறது' புகார்களுக்கு அடியில் டிஸ்க் இல்லை, இந்த அறுபதுதான் இருக்கிறது.

சாஃப்ட்வேரை மாற்ற முடியாதபோதுதான் குறுக்குவழி தேடுகிறார்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்க்கின் 'பாலிசிஸ்' பக்கத்துக்குப் போனால் இரண்டு டிக் மார்க் இருக்கும். இரண்டாவதை டிக் செய்தால், 'உள்ளே இறக்கிவிடு' என்ற கட்டளையை டிஸ்க்குக்கு அனுப்புவதையே விண்டோஸ் நிறுத்திக்கொள்ளும். அதற்குக் கீழேயே மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கிறது: கரண்ட் போனாலும் இறக்கி முடிக்கும் அளவுக்கு டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் இல்லையென்றால் இதைத் தொடாதீர்கள் என்று. எச்சரிக்கையைப் படிக்கிறவர் யார்? போஸ்ட்கிரஸில் எஃப்சிங்க் என்பதை அணைப்பதும் இதே வகைதான். எழுதியது டிஸ்க்கின் தற்காலிக நினைவகத்திலோ ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நினைவகத்திலோ கிடக்கும். சரக்கு திண்ணை வரை வந்தாயிற்று, உள்ளே போகவில்லை. ஆனால் ரசீதில் கையெழுத்துப் போட்டாயிற்று. இதில் கடைசிச் சில பில்கள் போவது சின்ன ஆபத்துதான். பெரியது வேறொன்று. திண்ணையில் கிடக்கும் சரக்கை டிஸ்க் தன் வசதிப்படி எந்த வரிசையிலும் உள்ளே எடுக்கும். பேரேட்டுப் பக்கம் எழுதப்பட்டு, அதற்கான சிட்டை வரி எழுதப்படாமல் கரண்ட் போனால், எதை வைத்து எதைச் சரிசெய்வது? காலையில் டேட்டாபேஸ் திறக்கவே மறுக்கும் கதைகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்.பி. ஆய்வகமும் சேர்ந்த ஒரு குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஐந்து கம்பெனிகளின் 15 எஸ்.எஸ்.டி.களை எடுத்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முறை மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தார்கள். 13 டிஸ்க்குகள் ஏதோ ஒரு வகையில் தவறின. சிலவற்றில் எழுதியது பாதியில் நின்றது, சிலவற்றில் வரிசை மாறியது, டிஸ்க்கே செத்துப்போனதும் உண்டு. அதாவது எந்த டிக் மார்க்கையும் தொடாமலே சில டிஸ்க்குகள் பொய் சொல்கின்றன. 2018-ல் இன்னொரு அதிர்ச்சி. டிஸ்க்கில் எழுதுவது தோற்றுப்போனால், லினக்ஸ் ஒரு முறை 'முடியவில்லை' என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தைச் சுத்தமானது என்று குறித்துக்கொள்கிறது. மறுபடி கேட்டால் 'எல்லாம் இறங்கிவிட்டது' என்கிறது. போஸ்ட்கிரஸோ, முதல் முறை தோற்றால் மறுபடி கேட்டு, இரண்டாவது பதிலை நம்பி வந்திருந்தது, ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக. 2019 பிப்ரவரியில் வந்த திருத்தத்தில், ஒரு முறை தோற்றாலே போஸ்ட்கிரஸ் தன்னை நிறுத்திக்கொண்டு சிட்டையிலிருந்து மீண்டும் எழுகிற மாதிரி மாற்றினார்கள். உலகத்தின் தேர்ந்த மூளைகளே இந்த ஒற்றைப் பதிலை இத்தனை நாள் தப்பாக நம்பியிருக்கின்றன என்றால், நாம் கொஞ்சம் அடக்கமாக இருக்கலாம்.

இதை ஏன் திண்டுக்கல்லை வைத்துப் பேசுகிறேன்? 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தை இந்தப் பக்கத்து ஆலைகளும் கடைகளும் மறக்கவில்லை. அந்த நிலைமை இன்று இல்லை. ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறது. சித்திரை வைகாசியில் திடீர்க் காற்றோடு மழை அடித்தால் கம்பியில் கிளை விழுகிறது. ஜெனரேட்டருக்கு மாற்றி, திரும்ப லைனுக்கு மாற்றும்போது இரண்டு முறை கண் சிமிட்டுகிறது. நீண்ட மின்வெட்டைவிட டேட்டாபேஸுக்கு ஆபத்து இந்தக் கண்சிமிட்டல்தான். வேலை மும்முரமாக நடக்கிற நேரத்தில், யாரும் எதிர்பாராமல் வருகிறது அது.

'யூ.பி.எஸ். இருக்கே, அப்புறம் என்ன?' என்பதுதான் முதலில் வரும் எதிர்க்கேள்வி. நியாயமான கேள்வி, யூ.பி.எஸ். இல்லாமல் சர்வர் வைப்பவரோடு பேசுவதற்கே ஒன்றும் இல்லை. ஆனால் கடைகளில் யூ.பி.எஸ். என்ற பெயரில் இருப்பது பல சமயம் வீட்டு இன்வெர்ட்டர். அதன் பின்பக்கம் சாதா முறை, யூ.பி.எஸ். முறை என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சாதா முறையில் லைனிலிருந்து பேட்டரிக்கு மாறும் இடைவெளி ஃபேனுக்கும் லைட்டுக்கும் பரவாயில்லை. கம்ப்யூட்டரின் பவர் சப்ளை மின்சாரம் இல்லாமல் தாங்குவது 16, 17 மில்லி செகண்ட் அளவுதான். உண்மையான யூ.பி.எஸ். என்றாலும் அதன் ஈய அமிலப் பேட்டரி இந்த வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துபோகும். சோர்ந்தது தெரியவருவது கரண்ட் போகிற அந்த நொடியில்தான். அதற்கும் மேல், பவர் சப்ளை தானே எரிந்துபோவது, கூட்டுகிறவர் கால் ஒயரில் சிக்குவது, கம்ப்யூட்டர் உறைந்துபோய் சர்வீஸ் பையன் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது, இவை எல்லாமே யூ.பி.எஸ்.ஸுக்கு இந்தப் பக்கம் நடப்பவை. யூ.பி.எஸ். காவலைப் பலப்படுத்தும், டிஸ்க்கின் பொய்யை உண்மையாக்காது.

'ராத்திரி பேக்கப் எடுக்கிறோம், போனால் ஒரு நாள் கணக்குதானே' என்பது அடுத்தது. இதற்குத்தான் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். சரக்கு சேவை வரி விதிகளில் 46-ஆவது விதியின்படி பில் எண்கள் தொடர்ச்சியாக, ஒரு நிதியாண்டுக்குள் இன்னொரு முறை வராதபடி இருக்க வேண்டும். டேட்டாபேஸ் 'சேமித்துவிட்டேன்' என்றது, 812-ஆம் எண் பில் அச்சாகி வாடிக்கையாளர் பைக்குள் போய்விட்டது. அந்த நேரம் கரண்ட் போய், எழும்பிய டேட்டாபேஸின் கடைசி எண் 809 என்றால், அடுத்து வருகிறவர்களுக்கு 810, 811, 812 என்று மறுபடி போகும். ஒரே எண்ணில் இரண்டு பில், இரண்டு தொகை. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை மாதிரி, ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் உள்ள நிறுவனம் என்றால் சிக்கல் இன்னும் மேலே போகிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் அவர்கள் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லை மின்-விலைப்பட்டியல் தளத்தில் பதிந்து அடையாள எண் வாங்க வேண்டும். அந்த எண் விற்பவரின் பதிவெண், பில் எண், ஆவண வகை, நிதியாண்டு இவற்றைக் கொண்டே உருவாகிறது. மறந்துபோன 812-ஐ மறுபடி அனுப்பினால் 'இது ஏற்கெனவே இருக்கிறது' என்று தளம் திருப்பி அடிக்கும். உங்கள் டேட்டாபேஸ் மறந்தது அரசாங்கத்துக்கு ஞாபகம் இருக்கிறது. வாடிக்கையாளருக்கும், யூ.பி.ஐ.யில் பணம் கழித்த வங்கிக்கும் ஞாபகம் இருக்கிறது. நேற்றிரவு பேக்கப்பைத் திரும்ப ஏற்றினால் ஒரு நாள் முழுக்கவே இப்படி ஆகும். பேக்கப் என்பது டிஸ்க் சாவுக்கு மருந்து. சொன்ன சொல் தவறியதற்கு மருந்து இல்லை.

'கிளவுடுக்குப் போய்விட்டால்?' போகலாம். அங்கேயும் இதே பாடம் வேறு பெயரில் இருக்கிறது. அமேசானின் பழைய ஜிபி2 வகை டிஸ்க்கில் ஒரு ஜி.பி.க்கு நொடிக்கு 3 செயல் என்ற கணக்கு. சின்ன டிஸ்க் வாங்கினால் சேர்த்துவைத்த வரவு தீரும்வரை பறக்கும், தீர்ந்தபின் தவழும். 2020-இன் கடைசியில் வந்த ஜிபி3 வகையில் அளவு எதுவானாலும் 3,000 என்பது அடிப்படை. காலையில் வேகம், மத்தியானம் மந்தம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த வரவைத்தான். இன்டர்நெட் போனால் பில் நிற்குமா என்பது தனிக்கதை.

சரி, பொய் சொல்லாமல் வேகத்தை எங்கே வாங்குவது? நினைவகத்தில். மைஎஸ்க்யூஎல்லின் பஃபர் பூல், போஸ்ட்கிரஸின் ஷேர்டு பஃபர்ஸ், இரண்டுமே தொட்டு மாற்றாவிட்டால் 128 எம்.பி.யில் உட்கார்ந்திருக்கும். 16 ஜி.பி. உள்ள மெஷினில் அது பெரிய வீட்டைக் கட்டி வாசற்படியிலேயே குடியிருப்பது மாதிரி. டேட்டாபேஸுக்கென்றே உள்ள மெஷினில் போஸ்ட்கிரஸுக்குக் கால்பங்கு, மைஎஸ்க்யூஎல்லுக்கு முக்கால்பங்கு வரை தரலாம். பில்லும் அதே மெஷினில் ஓடுகிறது என்றால் குறைத்துக்கொள்ளுங்கள். படிக்கிற வேலை நினைவகத்தில் முடிந்துவிட்டால் டிஸ்க் எழுதுவதற்கு ஓய்வாகக் கிடைக்கும். கடைகளில் அதிகம் தென்படும் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் பஃபருக்கு 1,410 எம்.பி.க்கு மேல் கிடையாது, அதனால் அங்கே வேறு இடத்தில் தேட வேண்டும். எக்ஸ்பிரஸில் உருவாக்கிய டேட்டாபேஸ்களில் 'ஆட்டோ குளோஸ்' இயல்பாகவே போட்டிருக்கும். கடைசி ஆள் வெளியே போனதும் டேட்டாபேஸை மூடி, அடுத்த ஆள் வந்ததும் மறுபடி திறக்கும். ஒவ்வொரு பில்லுக்கும் கடையைச் சாத்தித் திறந்தால் எப்படி இருக்கும்? அதை அணைத்துவிடுங்கள். 2016 பதிப்புக்கு முன்னால் உருவான டேட்டாபேஸ் என்றால், கோப்பு நிரம்பும்போது 1 எம்.பி. 1 எம்.பி.யாக வளரும் பழைய வழக்கத்தையும் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கலாம். 256 எம்.பி. மாதிரி ஒரு அளவை வைத்துவிட்டால் அந்த இழுபறி போகும். இதில் எதுவும் யாருடைய வாக்கையும் பொய்யாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

செலவு செய்ய மனமிருந்தால் ஒரே ஒரு செலவு: மின்தடைப் பாதுகாப்பு உள்ள எஸ்.எஸ்.டி. அதற்குள் வரிசையாகச் சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். கரண்ட் போனாலும் திண்ணையில் இருக்கும் சரக்கை உள்ளே எடுத்துவைக்கும் அளவுக்கு அவற்றில் உயிர் இருக்கும். அதனாலேயே அது திண்ணைக்கு வந்ததும் 'எழுதிவிட்டேன்' என்று சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கும். சாதாரண எஸ்.எஸ்.டி. உண்மையாக இறக்கிவிட்டுச் சொல்ல மில்லி செகண்ட் கணக்கில் எடுத்துக்கொள்ளும் இடத்தில், இது அதன் பத்தில், நூறில் ஒரு பங்கு நேரத்தில் சொல்லிவிடும். விலை கூடத்தான். ஆனால் ஒரு கடைக்கு 480 ஜி.பி. தாராளம். பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டும் ரெய்டு 5-க்குப் பணம் போடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தம். அதில் ஒரு சின்ன எழுத்துக்கு இரண்டு முறை படித்து இரண்டு முறை எழுத வேண்டியிருக்கிறது. டேட்டாபேஸுக்கு இரண்டு டிஸ்க்கை ஒன்றுக்கொன்று கண்ணாடியாக வைப்பதே மேல்.

எல்லா இடத்திலும் இவ்வளவு கறார் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். நூற்பாலையில் ஒவ்வொரு மெஷினும் நூல் அறுந்த கணக்கை நொடிக்கு நொடி அனுப்புகிறது. அதில் கடைசி அரை நொடி போனால் யாரும் அழப்போவதில்லை. போஸ்ட்கிரஸில் 'சிங்க்ரனஸ் கமிட்' என்பதை அந்தப் பரிவர்த்தனைகளுக்கு மட்டும் அணைக்கலாம். இயல்பான அமைப்பில் போவது அதிகபட்சம் 0.6 நொடிக் கணக்கு. டேட்டாபேஸ் சிதையாது, வரிசையும் மாறாது. மைஎஸ்க்யூஎல்லில் லாக் இறக்கும் அமைப்பை 1-இலிருந்து 2-க்கு மாற்றினால் கரண்ட் போகும்போது ஒரு நொடிக் கணக்கு போகலாம். எஸ்க்யூஎல் சர்வரில் 2014 முதல் 'டிலேய்டு டியூரபிலிட்டி' இருக்கிறது. எஃப்சிங்கை அணைப்பதற்கும் இவற்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இங்கே சிட்டையை எழுதத் தாமதிக்கிறோம். அங்கே சிட்டையையே நம்ப முடியாததாக்குகிறோம். பில்லுக்கு ஒரு விதி, நூல் கணக்குக்கு ஒரு விதி என்று பிரித்துவைக்கிறவர்தான் உண்மையில் டியூனிங் செய்கிறார்.

லினக்ஸ்காரர்கள் மணிக்கணக்கில் விவாதிக்கும் மற்ற விஷயங்களைப் பற்றி ஒரு வரி. கோப்பைப் படித்த நேரத்தைக் குறிக்காமல் விடும் நோ-ஏடைம், 2009-லிருந்தே லினக்ஸ் பாதி வேலையைத் தானே செய்துவிடுவதால், பெரிதாக ஒன்றும் தராது. ஐ.ஓ. ஷெட்யூலரை மாற்றுவதும் ஒரு கடை அளவில் கண்ணுக்குத் தெரியாது. எஸ்.எஸ்.டி.க்கு மாறியவர்கள் போஸ்ட்கிரஸின் ரேண்டம் பேஜ் காஸ்ட்டை 4-இலிருந்து 1.1-க்கு இறக்குவது மட்டும் செய்ய வேண்டியதுதான். இறக்காவிட்டால், ஹார்டு டிஸ்க் காலத்துக் கணக்கை வைத்துக்கொண்டு அது இன்டெக்ஸைத் தொடவே தயங்கும்.

டிஸ்க் உண்மை பேசுகிறதா என்று தெரிந்துகொள்ள இரண்டு வழி. போஸ்ட்கிரஸோடு பிஜி-டெஸ்ட்-எஃப்சிங்க் என்று ஒரு கருவி வருகிறது. நொடிக்கு எத்தனை முறை இறக்க முடிகிறது என்று சொல்லும். 7,200 சுற்று ஹார்டு டிஸ்க்கில் அது 120-ஐ ஒட்டி வந்தால் நம்பலாம். 3,000 என்று வந்தால் நடுவில் யாரோ பொய் சொல்கிறார்கள். எஸ்.எஸ்.டி.யில் இப்படி எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் இரண்டாவது வழி. கடை டேட்டாபேஸில் இல்லை, அதே மாடல் டிஸ்க் போட்ட இன்னொரு மெஷினில். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண்களைச் சேமிக்கும் சின்ன புரோகிராம். ஒவ்வொன்றும் சேமிக்கப்பட்டது என்று பதில் வந்த பிறகே அந்த எண்ணை நெட்வொர்க் வழியே பக்கத்து லேப்டாப்புக்கு அனுப்ப வேண்டும். லைவ்ஜர்னலை உருவாக்கிய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் இதே யோசனையில் ஒரு கருவி எழுதி வைத்திருக்கிறார். ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். பத்து இருபது தடவை பிடுங்குங்கள், ஒரு தடவை பிழைத்தது சாட்சி ஆகாது. ஒவ்வொரு முறையும் மெஷினை எழுப்பி, லேப்டாப்பில் இருக்கும் கடைசி எண்ணையும் டேட்டாபேஸில் இருக்கும் கடைசி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டேட்டாபேஸில் ஒன்று கூடுதலாக இருந்தால் பயப்பட வேண்டாம். சேமித்துவிட்டு, சொல்வதற்குள் கரண்ட் போயிருக்கும். லேப்டாப்பில் ஒரே ஒரு எண் கூடுதலாக இருந்தாலும் அந்த டிஸ்க்கில் சினிமா ஏற்றிக்கொள்ளுங்கள், பில் ஏற்றாதீர்கள்.